தவசிமுத்து மட்டும் தெரியாத கண்

தவசிமுத்து தன் மனைவி அன்னப்பழத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு புரட்டாசி மாதக் காலையில், ஏழு மணிக்கு. பார்த்தார் என்று சொல்வதும் அவ்வளவு சரியில்லை. அவர் குனிந்து, கண் வங்கியின் பெட்டியில் ஐஸ் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்படி வாசலில் நெஞ்சில் கைவைத்து நின்றபடி, "இடது பக்கம் என்னமோ பிடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். அவர் பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டே, "வாய்வா இருக்கும், சுக்கு தட்டிப் போட்டுக் குடி, ஒம்பது மணிக்குள்ள வந்திருதேன்" என்றார். சேலையின் கரை தெரிந்தது, கால் விரல்கள் தெரிந்தன. முகத்தை நிமிர்ந்து பார்க்க வண்டிக்கு நேரமாகிவிட்டது.

ஒரு மனிதர் இறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துவிட வேண்டும். தவசிமுத்துவின் இருபத்திரண்டு வருட உத்தியோகமும் அந்த ஆறு மணி நேரத்துக்குள்தான் ஓடியது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஊரிலிருந்த தர்ம கண் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்து, டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே கண்ணைக் கற்றுக்கொண்டு, கண் வங்கியின் டெக்னீஷியனாக ஆனவர். சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செய்கிற காரியங்கள் ஊருக்கே மனப்பாடம். ஃபேனை நிறுத்துவார், இறந்தவரின் இமையை மூடி ஈரப்பஞ்சு வைப்பார், தலைக்கு இரண்டு தலையணை கொடுப்பார், அழுகிறவர்களில் அழாத ஒருவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவார். அறுநூற்றுப் பதிமூன்று வீடுகளில் அப்படிக் கேட்டு வாங்கியிருந்தார்.

அவர் வேலையைப் பற்றி அன்னப்பழம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள், "ஊர்ல எல்லாருக்கும் எடுங்க, எனக்கு மட்டும் எடுத்துராதிய. நான் முந்திப் போனா, நீங்க வரும்போது அங்க நின்னு அடையாளம் பாக்கணும்லா."

"அங்க போயும் என்னையத்தான் பாக்கணுமா ஒனக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பேச்சு கீரையோடு முடிந்துபோனது.

அன்று ஒன்பதரைக்குத் திரும்பி வந்தபோது அவள் அம்மிக்குப் பக்கத்தில் கிடந்தாள், தட்டின சுக்கு அம்மியிலேயே இருந்தது. அரைமணியில் தெரு கூடிவிட்டது. கூடின தெரு இறந்தவளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தது. அந்தத் தெருவில் அவர் கேட்டு வாங்காத வீடு நாலோ ஐந்தோதான். அன்னப்பழத்தின் அண்ணன் பொன்னுவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"என்ன மாப்ள, மத்தவங்க வீட்டுல பொணம் சூடு ஆறுமுன்னால கேப்பீரே. இப்போ வாய் வரலியோ?"

அவள் சொன்னதைத் தவசிமுத்து அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அறுநூற்றுப் பதிமூன்று வீடும் தன்னைப் பார்த்து என்ன கேட்கும் என்று நினைத்தார். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். உடன் வேலைசெய்கிற மற்றொருவர் லீவில் இருந்ததால் அவரே கையெழுத்துப் போட்டு, அவரே கையுறை மாட்டி, அவரே எடுத்தார். இருபது நிமிடம் ஆனது. கை நடுங்கவில்லை என்று பிற்பாடு தெரு பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

இடது கருவிழியில் உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவாக இருந்ததால் அது ஆராய்ச்சிக்குப் போனது. கருவிழி நோய்களுக்கான டாக்டர் ஹெப்சிபா அப்போது ஒரு புதிய முறையைப் பழகிக்கொண்டிருந்தார். கருவிழி முழுவதையும் மாற்றாமல், அதன் உட்புறத்தில் வெங்காயத்தோலைவிட மெல்லிசாக ஒட்டியிருக்கும் ஜவ்வை மட்டும் உரித்தெடுத்து வைக்கிற முறை அது. உரிக்கும்போது அந்த ஜவ்வு ஓலைச்சுருள் போலத் தானே சுருண்டுகொள்ளும், பத்தில் ஏழு கிழிந்துபோகும். அன்னப்பழத்தினுடையதும் கிழிந்தது. வலது கருவிழி மட்டும் கெடாமல் வைக்கிற ரோஸ் நிறத் திரவத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு, நாலாம் நாள், கீழத்தெருவில் பீடி சுற்றுகிற பேச்சித்தாயின் கண்ணுக்குப் போனது.

பேச்சித்தாய்க்கு ஒரு கண் சின்ன வயதில் அம்மையில் போனது. மற்றது, கரும்புத் தோகை கீறி, கீறினதில் புண்ணாகி, புண்ணுக்கு யாரோ சொன்னார்கள் என்று பச்சிலைச் சாறு பிழிந்து, வெள்ளை விழுந்து போனது. எட்டு வருடமாக விரல்களால் பார்த்துத்தான் பீடி சுற்றினாள். கண் போனபோது அவள் மகள் இசக்கியம்மாளுக்குப் பதினோரு வயது. அந்த முகத்திலேயே அவளுடைய மகள் நின்றுபோயிருந்தாள்.

கொடுத்தவர் வீட்டுக்குக் கண் யாருக்குப் போனது என்று தெரியக் கூடாது என்பது விதி. அதை அறுநூற்றுப் பதிமூன்று வீடுகளில் சொன்னவரும் தவசிமுத்துதான். ஆனாலும் கட்டுப் பிரிக்கிற அன்று, பஞ்சு கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த மயில் காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"என்ன தெரியுது பேச்சித்தாய்?" என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க தெரியுதிய. கண்ணாடி போட்டிருக்கிய. இந்தா எம் மவ. எட்டி, இம்புட்டு வளந்துட்டியாட்டி?" என்று அழப்போனவளை, அழக் கூடாது, தையல் இருக்கிறது என்று அடக்கினார்கள். "அப்புறம், பின்னால சுவத்துல ஒரு மயிலு தெரியுது."

"மயிலுக்கு முன்னால அண்ணாச்சி நிக்காரே, அவரு?" என்று டாக்டர் மறுபடி கேட்டார்.

"எந்த அண்ணாச்சி?"

பார்வையின் நடுவில் ஏதோ ஓட்டை இருக்கிறதென்று நினைத்து, டாக்டர் அவரை இடதுபுறம் நகரச் சொன்னார், வலதுபுறம் நகரச் சொன்னார், உட்காரச் சொன்னார். எங்கே நின்றாலும் பேச்சித்தாய்க்கு அவருக்குப் பின்னால் இருப்பதுதான் தெரிந்தது. அவர் கையிலெடுத்த கத்தரிக்கோல் மறைந்தது, மேஜையில் வைத்ததும் வந்தது. அடுத்த வாரம் எழுத்துப் பலகையை வைத்துச் சோதித்தார்கள். வெறுமே பார்த்தபோது ஐந்தாவது வரிவரை வாசித்தவள், பலகைக்கு முன்னால் தவசிமுத்துவை நிறுத்தியபோது அவர் நெஞ்சின் வழியாக ஆறாவது வரியையும் வாசித்தாள். டாக்டர் ஹெப்சிபா அதை ஒழுங்காகக் குறித்து, படங்களோடு நாலு பக்கக் கட்டுரையாக எழுதி, ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். நோயாளிகளின் எண்ணிக்கை போதாது என்று ஒற்றை வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தோடு ஆஸ்பத்திரி அதை விட்டுவிட்டது. நாளைக்கு நானூறு பேர் வருகிற இடத்தில், ஒருத்திக்கு ஒருவர் தெரியாததைப் பற்றி எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடியும்?

கீழத்தெருவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வராத நாளைப் போல, நிற்காமல் போகிற பஸ்ஸைப் போல, அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. சாயங்காலங்களில் தவசிமுத்து பேச்சித்தாய்க்குச் சொட்டுமருந்து விடப் போனார். வாசலில் இருமிவிட்டு வர வேண்டும் என்று அவளோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பேச்சித்தாய் முகத்தை அண்ணாந்து காட்டுவாள், ஆளும் இல்லாமல் புட்டியும் இல்லாமல் வெறும் காற்றிலிருந்து ஒரு சொட்டு வந்து கண்ணில் விழும். "எனக்கு மட்டும் தனியா மழை பெய்யுது" என்பாள். விட்டு முடித்ததும் அவர் அங்கேயே, அந்தக் கண்ணுக்கு நேராக, கொஞ்ச நேரம் நிற்பார். பீடிப் பெண்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு, அவர் பார்ப்பது பேச்சித்தாயை அல்ல என்று புரிந்து விட்டுவிட்டார்கள்.

அவர் வழியாகப் பார்த்தால் ஒரு வரி கூடுதலாகத் தெரியும் என்பது வெளியே வந்ததும் தெருவுக்கு அவர் தேவைப்பட்டார். பீடி இலையில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க, மலையடியில் வழிதவறின ஆடு எங்கே நிற்கிறதென்று பார்க்க, பேச்சித்தாயையும் கூட்டிப்போய், அவளுக்கு முன்னால் அவரையும் நிறுத்தினார்கள். இசக்கியம்மாளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்த மாப்பிள்ளைகளுக்கு முன்னால் தவசிமுத்துவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தாய்மாமன் என்று நினைத்து தங்களுக்கு வந்த முதல் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

"இந்தப் பையனுக்கு முடி கறுப்பு இல்ல" என்று பேச்சித்தாய் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். "காதுக்கு மேல சாயம் வழிஞ்சிருக்கு."

"வயசு இருபத்தெட்டுன்னாவளே?"

"இருபத்தெட்டு எந்தக் காதுக்குன்னு கேளு."

நாலாவதாக வந்தவனைத்தான் பிடித்தது. தென்காசிப் பக்கத்துப் பையன், லேத் பட்டறையில் வேலை. இடது புருவத்தில் ஒரு தழும்பு. தழும்பை மறைக்காமல் உட்கார்ந்திருந்தான் என்பதற்காகவே பேச்சித்தாய் சரி என்றாள். தை மாதம் பதினொன்றாம் தேதி கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

இப்படிக் கண்ணாடியாகவே இருந்து இருந்து, நல்ல கண் உள்ளவர்களும் அவரைப் பார்ப்பதை மெல்ல விட்டுவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. டீக்கடையில் அவரைத் தாண்டிப் பின்னால் நிற்பவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் பந்தியில் உட்கார்ந்தபோது, இலை போட்டுக்கொண்டு வந்தவன் அவருக்கு இந்தப் பக்கம் ஒரு இலையும் அந்தப் பக்கம் ஒரு இலையும் போட்டுவிட்டுப் போய்விட்டான். சோறும் வந்தது, சாம்பாரும் வந்தது, பாயசமும் வந்தது. அவர் முன்னால் வெறும் தரை இருந்தது. பந்தி எழுந்தபோது அவரும் எழுந்துபோய்க் கை கழுவினார்.

கார்த்திகையில் ஒருநாள் தன் கல்யாணப் போட்டோவை எடுத்துக்கொண்டுபோய்த் தரையில் வைத்து, கையை எடுத்துக்கொண்டு, "இதுல என்ன தெரியுதுன்னு சொல்லு தாயி" என்றார்.

பேச்சித்தாய் அதைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "அக்கா மட்டும் தெரியுதாவ. மூக்குல ரெண்டு பக்கமும் பேசரி. ஒத்தையா நிக்காவ. பக்கத்துல ஒரு நாற்காலி காலியா கிடக்கு. நாற்காலி மேல ஒரு கைய வச்சிருக்காவ." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, இந்தக் கண்ணு அக்கா கண்ணுதான, என்ன?" என்றாள்.

விதிப்படி அவர் பதில் சொல்லக் கூடாது. சொன்னார். சொல்ல ஆரம்பித்ததும், இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார். எடுக்க வேண்டாம் என்று அவள் சொன்னது, தெரு பார்த்தது, தான் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தியது, காலையில் அவள் முகத்தைப் பார்க்காமல் போனது, எல்லாவற்றையும் பேச்சித்தாயிடம் அல்ல, அவளுடைய அந்த ஒரு கண்ணிடம் சொன்னார். சொல்லி முடித்தபோது அந்தக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி," என்று பேச்சித்தாய் அவருக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்துக்கொண்டு கேட்டாள், "அங்கதான் நிக்கியளா, போயிட்டியளா?"

மார்கழி பிறந்து ஐந்தாம் நாள், மருந்து விட அவர் குனிந்தபோது பேச்சித்தாய் சட்டென்று பின்வாங்கினாள்.

"அண்ணாச்சி, ஒங்க இடத்துல என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"வெள்ளையா. புகை மாதிரி. இந்தா, அசையுது."

பீடிப் பெண்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். ஒருத்தி குலவையிட்டாள். அக்கா மனசு இறங்கிட்டாவ, அண்ணாச்சி தெரிய ஆரம்பிச்சிட்டாரு என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள் இன்னொருத்தி. மறுநாள் அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். அன்று டீக்கடையில் அவரைக் கேட்டு டீ கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் புகை இன்னும் திடமாகத் தெரிந்தது.

மாற்றிவைத்த கருவிழியை உடம்பு தள்ளத் தொடங்கினால் நாலு அடையாளம் காட்டும். கண் சிவக்கும், வெளிச்சம் கூசும், வலிக்கும், பார்வை புகையும். நாலில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். இரண்டு நாளுக்குள் வந்தால் மணிக்கு ஒருதரம் மருந்து விட்டுப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இதை அச்சடித்து நோயாளிகளின் கையில் கொடுக்கிற காகிதத்தை, பதினெட்டு வருடமாக வாசித்துக் காட்டியவர் தவசிமுத்து. இரண்டாம் நாளே கண்ணின் வெள்ளையில் சிவப்பு ஓடியிருந்ததைக் கண்டார். மூன்றாம் நாள், வாசல் வெளிச்சம் கூசுகிறதென்று அவள் முந்தானையால் கண்ணை மறைத்ததைக் கண்டார்.

"லேசா உறுத்துது அண்ணாச்சி. டாக்டரம்மாவப் போயிப் பாத்துருவமா?"

அவர் வாயைத் திறந்தார். அப்போது அவள் தலையைச் சாய்த்து, நேராக அவர் இருக்கிற இடத்தைப் பார்த்து, "தோளு தெரியுது ஒங்களுக்கு" என்றாள்.

"பொகையிலத் தூசியா இருக்கும் தாயி" என்றார் தவசிமுத்து. "மருந்து விடுதேன்லா, சரியாயிரும்."

நாலாம் நாள் தலை தெரிந்தது. ஐந்தாம் நாள் கைகள் தெரிந்தன. ஆறாம் நாள் அவர் குளித்து, சவரம் செய்து, பெட்டியிலிருந்த நீலக்கட்டம் போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். அது அன்னப்பழம் எடுத்துக் கொடுத்தது. தெரு அவரை நிறுத்தி விசாரித்தது. ஏழாம் நாள் இரவெல்லாம் கண் குத்தியதாகப் பேச்சித்தாய் சொன்னாள், ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அவருக்காக அவளும் பொறுத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாளும் அவர் மருந்து விட்டார், எட்டாம் நாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும், இன்று ஒருநாள் மட்டும், முகம் தெரிந்துவிட்டால் நாளைக்கே கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் பேச்சித்தாய் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் இருமிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இப்போ நல்லாத் தெரியுதிய அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை."

அவர் நீலக்கட்டச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "மொகம் தெரியுதா தாயி?"

"மொகமும் வெள்ளையாத்தான் இருக்கு. வாசல்லயும் நீங்கதான் நிக்கிய. அடுப்புக்கிட்டயும் நிக்கிய." அவள் கையை நீட்டித் துழாவினாள். "எம் மவ எங்க? இவ்வளவு நேரம் இங்கதான இருந்தா?"

இசக்கியம்மாள் அவள் முழங்காலுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஹெப்சிபா கருவியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, தவசிமுத்துவிடம் கேட்டார், "எத்தனை நாளா இருக்கு இது?"

"ஒம்பது நாள்."

"நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்மா."

மணிக்கொரு தரம் மருந்து விட்டார்கள், ஊசி போட்டார்கள். வெள்ளை விலகவில்லை. தவசிமுத்து நடந்ததைப் பேச்சித்தாயிடம் தானே போய்ச் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தார். அவள் பீடி இலைச் சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, விரலால் ஒரு இலையின் நரம்பைத் தேடிக்கொண்டே, "நாலு நாள் முந்திச் சொல்லியிருந்தா எம் மவ கல்யாணத்தப் பாத்திருப்பேன், இல்லியா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று அவர் திருத்திச் சொன்னார். தை பதினொன்றாம் தேதி அவள் மகளின் முகத்தையும் மருமகனின் புருவத்தழும்பையும் தடவிப் பார்த்து ஆசீர்வாதம் செய்தாள். தவசிமுத்து போகவில்லை. போயிருந்தாலும் அவருக்கு அங்கே இலை விழுந்திருக்காது. இப்போது தெருவில் எல்லோருக்கும் அவர் நன்றாகத் தெரிந்தார், அதனால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சித்திரையில் வேறொருவர் கொடுத்த கருவிழியை வைத்து மறுபடி அறுவைசிகிச்சை செய்தார்கள். அதற்குள் விளிம்பிலிருந்து ரத்தக்குழாய்கள் உள்ளே ஓடிவிட்டிருந்ததால் அதுவும் நிலைக்கவில்லை, நாலு மாதத்தில் வெளுத்துவிட்டது. மூன்றாவது தடவை வேண்டாம், வரிசையில் வேறு ஆள் இருந்தால் கொடுங்கள் என்று பேச்சித்தாயே சொல்லிவிட்டாள். தவசிமுத்து கண் வங்கி வேலையிலிருந்து நின்றுகொண்டார்.

சித்திரையில் எடுத்த பழைய கருவிழி, அன்னப்பழத்தினுடையது, வழக்கப்படி பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. அங்கே அதைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார்கள். தவசிமுத்து கேட்டுக்கொண்டதற்காக அங்கிருந்த பெண் அவரையும் ஒருதரம் பார்க்கவிட்டாள். ரோஸ் நிறத்தில் வரிவரியாக ஒரு பட்டை தெரிந்தது. தள்ளப்பட்ட எல்லாக் கருவிழியும் இப்படித்தான் இருக்கும் என்றாள் அவள்.

சீவியது போக மீதி பதிந்திருக்கிற மெழுகுக் கட்டி தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும். பத்து வருடம் வைத்திருப்பார்கள், இது ஆறாவது வருடம்.